விடுதலைக்குப் பின் யாரிடம் போவது? – கடிதம்

அன்புள்ள சார்,

உடுமலைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பெயர் போட வேண்டாம். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் என் அண்ணன் அடித்ததில் பக்கத்துத் தோட்டக்காரர் இறந்துபோனார். செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள், ஹைகோர்ட்டில் அது பத்து வருடமாகக் குறைந்தது. தண்டனைக் கழிவெல்லாம் போக கோவை மத்திய சிறையிலிருந்து இரண்டு மாதம் முன்பு வந்துவிட்டார். உள்ளே தறி ஓட்டினாராம், முன்பு லாரி டிரைவர். வந்ததிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். லைட்டை அணைத்தால் தூக்கம் வரவில்லை என்கிறார். அண்ணி பிறந்த வீட்டோடு போய்விட்டார். பையன் பிளஸ் ஒன், அப்பாவிடம் பேசுவதில்லை. ஊர்த் திருவிழா நோம்பிக்கு முன்னால் ஸ்டேஷனிலிருந்து வந்து கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். வக்கீலைக் கேட்டால் கேஸ்தான் முடிந்துவிட்டதே என்கிறார். இப்படி வந்தவர்களுக்கு உதவ ஏதாவது ஆபீஸோ டிரஸ்டோ இருக்கிறதா? வேறு ஊருக்கு அனுப்பிவிடலாமா? சிறை நூலகங்களுக்குப் போய்ப் பேசியதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஒரு தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

ஐந்து மணிக்குத் தட்டோடு வந்தால் ஐந்து மணிக்கே போட்டுவிடுங்கள். சிறையில் சாயங்காலச் சாப்பாட்டைக் கொடுத்து, இருட்டுவதற்குள் எண்ணிப் பார்த்து உள்ளே அடைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க விளக்கு எரியும். இத்தனை வருடம் அப்படியே இருந்த உடம்பு ஒரே நாளில் மாறாது. திண்ணையில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும், அதனால் கரண்ட் பில் ஒன்றும் ஏறிவிடாது. ஆனால் தொடர்ந்து தூக்கமே இல்லாமல் போனாலோ, செத்துப்போகலாம் என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

சரி, நீங்கள் கேட்ட ஆபீஸ். இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் என்று பெயர். கோர்ட்டில் தண்டனை கொடுக்காமல் 1958ஆம் வருடச் சட்டப்படி கண்காணிப்பில் விடுகிறார்களே, அவர்களுக்கான ஆள் என்றுதான் வக்கீல்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர் சிறைத்துறைக்குள்ளேயே இருப்பவர், வெளியே வந்தவர்களின் மறுவாழ்வும் அவருடைய வேலைதான். விடுதலையானவர்களுக்கு உதவவென்றே அரசின் துணையோடு ஒரு சங்கமும் இருக்கிறது. சமீப வருடங்களில் அதன் மூலமாகப் பலருக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் சிறுதொழில் தொடங்கக் கொடுத்திருக்கிறார்கள். வந்தவர் எல்லோருக்கும் தானாக வந்து சேரும் பணம் இல்லை இது. எழுதிக் கேட்க வேண்டும், நன்னடத்தை அலுவலர் விசாரித்துப் பரிந்துரைக்க வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும். உங்கள் பகுதிக்கு யார், எங்கே உட்காருகிறார் என்பதைக் கோவை சிறையின் நல அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

நன்னடத்தை அலுவலரைப் பார்க்க அண்ணனைத் தனியாக அனுப்பாதீர்கள். நான் பேசிப் பார்த்த பலரும் சொன்னது இதுதான்: ஒரு காக்கிச் சட்டை வாசலில் நின்றால் போதும், கை தானாகக் கட்டிக்கொள்கிறது, கேட்க வந்தது மறந்துபோகிறது, ‘ஒண்ணுமில்லீங்க சார்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கூட ஒருவர் போனால் பாதி வேலை முடிந்தது. வெளியே வருகிறவர்களுக்கு எந்தத் திட்டத்தையும்விட முதலில் தேவைப்படுவது இந்தக் கூடப்போகிற ஆள்தான் என்று நினைக்கிறேன். உங்கள் அண்ணனுக்கு நீங்கள் இருக்கிறீர்கள், நிறையப் பேருக்கு அதுவும் இல்லை.

போகும்போது விடுதலைச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அவமானச் சீட்டாக நினைத்து பீரோவின் அடியில் செருகிவிடுகிறார்கள், சிலர் கிழித்தே போட்டுவிடுகிறார்கள். எல்லாக் கதவுக்கும் முதல் சாவி அதுதான். நாலைந்து நகல் எடுத்து வையுங்கள். அப்படியே சிறையில் அவருடைய கூலிக் கணக்கில் பாக்கி ஏதாவது நிற்கிறதா என்றும் கேளுங்கள். சிறைக் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கான நிதிக்கென்று பிடித்துவிடுவார்கள். அந்த நிதியிலிருந்து எதிர்த்தரப்புக் குடும்பம் கேட்டு வாங்கலாம். உங்கள் ஊரில் அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? நீங்கள் போய்ச் சொல்ல முடியாது, புரிகிறது. ஊரில் பொதுவான ஒரு பெரியவர் சொல்லலாம்.

ஸ்டேஷன் விஷயம். உங்கள் அண்ணன் ஜாமீனில் வந்தவர் இல்லை, தண்டனையை முடித்து வந்தவர். கையெழுத்துப் போட வா என்றால் எந்த உத்தரவின்பேரில் என்று கேட்கலாம். திருவிழா, தேர்தல் என்று வந்தால் பழைய ஆட்களின் மேல் ‘107 போடு, 110 போடு’ என்பது, அதாவது அமைதியாக இருப்பேன், ஒழுங்காக நடப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கும் பிரிவுகளில் இழுப்பது, நம் ஊர் வழக்கம் (2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அவை 126, 129 ஆகிவிட்டன, ஸ்டேஷனில் இன்னும் பழைய நம்பர்தான் புழங்குகிறது). அதற்கும் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வாசலில் நின்று வாயால் சொல்வது நோட்டீஸ் ஆகாது. ஆனால் இதை அண்ணன் தனியாகப் போய் வாதாட வேண்டாம், அது வேறு மாதிரி முடியும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவச எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், ஆகவே மனுவை உங்கள் பெயரில்கூடக் கொடுக்கலாம். கேஸ் முடிந்துவிட்டதே என்று சொன்ன வக்கீலை விட்டுவிடுங்கள், அவர் வேலை உண்மையிலேயே முடிந்துவிட்டது.

அண்ணன் லாரி ஓட்டியவர் என்றீர்கள். டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் வெறுமனே புதுப்பிக்க முடியாது, மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். வங்கிக் கணக்கு இரண்டு வருடம் தொடாமல் கிடந்தால் முடங்கும், ஆதாரோடு போய் நின்றால் திரும்ப உயிர்வரும். ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா பாருங்கள். வாக்காளர் பட்டியலிலும் பாருங்கள். சிறையில் இருக்கும்வரைதான் ஓட்டுப் போட முடியாது, இப்போது தாராளமாகப் போடலாம். ஏதோ சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பூத்தில் வரிசையில் நிற்கும்போது ஊரே பார்க்கும் இல்லையா, அதற்காகவாவது போகச் சொல்லுங்கள்.

டிரஸ்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘பிரயாஸ்’ 1990இலிருந்து சிறைக்குள்ளும் கோர்ட்டிலும் சமூகப் பணியாளர்களை வைத்து, வெளியே வருகிறவருக்குத் தங்க இடம், வேலைப் பயிற்சி என்று கூடவே நடக்கிறது. அந்த மாதிரி நம் பக்கத்தில் பரவலாக வரவில்லை என்பது என் ஆதங்கம். வெளியே வந்தவரைக் கவனிப்பதும் அரசின் வேலைதான் என்று 1983இலேயே, சிறைச் சீர்திருத்தத்துக்காக மத்திய அரசு அமைத்த முல்லா குழு சொல்லிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் ‘பிரிசன் மினிஸ்ட்ரி’ ஆட்கள் தமிழ்நாட்டுச் சிறைகளுக்குப் போய்வருகிறார்கள். கோவையில் விசாரித்தால் கிடைப்பார்கள், மதம் பார்த்துத் தயங்க வேண்டாம். தையல் மெஷின் ஒன்றைக் கொடுத்து, சால்வை போட்டு, போட்டோ எடுத்து முகநூலில் ஏற்றும் புண்ணியவான்களிடம் மட்டும் ஜாக்கிரதை. அந்தப் படம் பிளஸ் ஒன் படிக்கிற பையனின் வகுப்பு வாட்ஸ்அப்பில் சுற்றும்.

அந்தப் பையனை இப்போதைக்குப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பதினாறு வயதில் அவனும் ஒரு தண்டனையை அனுபவித்து முடித்திருக்கிறான். பள்ளிக் கட்டணமோ சைக்கிள் பஞ்சரோ, ஏதாவது ஒரு செலவு அப்பா கையிலிருந்து போகட்டும். பேச்சு பிறகு வரும், அல்லது அண்ணி வந்தபின் வரும்.

வேறு ஊருக்கு அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். எதிர்த்தரப்பு வீடு நாலு தோட்டம் தள்ளி இருக்கும்போது, அவர்கள் தினமும் இவர் முகத்தில் விழிக்க வேண்டாம் என்பதும் ஒரு நியாயம்தான். தண்டனை முடிந்துவிட்டதால் இடம் மாறத் தடை ஒன்றும் இல்லை, புது முகவரியை நன்னடத்தை அலுவலரிடம் சொல்லிவைத்தால் போதும். செக்யூரிட்டி வேலைக்கு மட்டும் அலையவிடாதீர்கள், அதற்குப் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம், அங்கேயே கதவு மூடிவிடும். கோவைச் சிறையில் தறி ஓட்டியவருக்கு சோமனூரும் பல்லடமும் பக்கத்தில் இருக்கும்போது என்ன கவலை? தறி ஓட்டத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள், எங்கே கற்றாய் என்று கேட்பவர் குறைவு. கேட்டால் முதலாளியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது, பின்னால் வேறு வாயிலிருந்து தெரிந்தால்தான் வம்பு. சேரும்போது முன்பணம் என்று பெரிய தொகையை நீட்டுவார்கள். குடும்பக் கஷ்டத்தை நினைத்து அண்ணன் கை நீட்டிவிடுவார், நீங்கள் விடாதீர்கள். அந்தக் கடன் அடைகிறவரை தறிக்குடோனைவிட்டு நகர முடியாது. வாரக் கூலிக்கு ஒத்துக்கொள்கிற இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.