பனிக்குழி ‘போகலாம்’ என்று சொல்லாது

கேள்வி: நான் மூணாறு எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன். நண்பர்கள் நான்கு பேர் பிப்ரவரியில் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறோம். அடிப்படைப் பனிச்சறுக்குப் பயிற்சி முடித்துவிட்டோம். கண்டோலா என்ற கம்பிவட வண்டியில் மேலே ஏறி, பாதுகாப்பைக் கவனிக்கும் ரோந்துக் குழுவின் எல்லைக்கு வெளியே உள்ள சரிவுகளில் இறங்க ஆசை. குழி வெட்டிச் சோதித்தால் பனிச்சரிவு வருமா என்று தெரிந்துவிடுமாமே, எப்படிச் சோதிப்பது?

பதில்: சொல்கிறேன் தம்பி. ஆனால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் கோணம் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாளமாகப் பெயர்ந்து வரும் பனி. அது அனேகமாக 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பெயரும். சறுக்குக் கோலைச் சரிவின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் கோணம் காட்டும் செயலியைத் திறந்த போனை வையுங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். தேயிலைக் காட்டில் ஏறி இறங்கிய நமக்கு 35 டிகிரி ஒரு பொருட்டாகவே தெரியாது. நிற்கும் இடம் 25 டிகிரியாக இருந்தாலும், தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இருந்தால் அதுவும் ஆபத்தான இடமே.

நம் ஊர் அனுபவத்தை அப்படியே அங்கே கொண்டுபோகக் கூடாது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோன உருள்பொட்டல் (நிலச்சரிவு), பெருமழையில் ஊறிய மலை இரவில் தானாக உடைந்து வந்தது. பனியில் கதை வேறு. சிக்கியவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் பாளத்தை உடைத்தது அவர்களுடைய எடை, அல்லது உடன் வந்தவரின் எடை. கேட்க வருத்தமான செய்திதான். ஆனால் எந்தச் சரிவில் கால் வைப்பது என்ற முடிவு நம் கையில் இருக்கிறது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எடை பட்டதும் ஏன் உடைகிறது? ஜனவரி விடியலில் செண்டுவாரைப் பக்கம் புல் நுனியில் வெள்ளையாக நிற்கும் உறைபனியைப் பார்த்திருப்பீர்கள். விரல் பட்டால் நொறுங்கிவிடும். தெளிந்த குளிர் இரவுகளில் பனிப்பரப்பின் மேலும் இதே படிகங்கள் இறகுபோல வளர்கின்றன. அதன்மேல் இரண்டு அடி புதுப்பனி விழுந்தால், அந்தக் கனத்தை அவ்வளவு மெல்லிய கால்கள் தாங்கி நிற்கின்றன. வாரக்கணக்கில்கூட அப்படியே நிற்கும். மெல்லிய பனி நெடுநாள் குளிரில் கிடந்தால் அடிப்பகுதி சீனிபோல ஒட்டாத மணிகளாகவும் மாறிவிடும். ஒருமுறை குழியின் அடியிலிருந்து அதை அள்ளி உருண்டை பிடிக்கப் பார்த்தேன். கையுறை இடுக்கில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அன்று அங்கேயே திரும்பிவிட்டோம்.

இனி குழி. இறங்க நினைக்கும் சரிவு எந்தத் திசை பார்க்கிறதோ அதே திசையில், ஆபத்தில்லாத சிறு சரிவில் வெட்டுங்கள். 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் தூண் ஒன்றைச் சுற்றிலும் அறுத்துத் தனியாக நிறுத்துங்கள். மண்வெட்டித் தகட்டை அதன் தலையில் வைத்து மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. ஏதாவது ஒரு தட்டில் தூண் வழவழப்பாக வெட்டுப்பட்டு மேசை இழுப்பறைபோல முன்னே நழுவினால், அன்றைக்கு அந்தத் திசைச் சரிவு வேண்டாம். உடையவே இல்லையென்றால்? நீங்கள் வெட்டிய இடத்தில் உடையவில்லை, அவ்வளவே. காற்று முகட்டைத் தாண்டி மறுபுறம் பனியைக் கொட்டிக் குவிக்கும். பத்தடி தள்ளி அடுக்கே வேறாக இருக்கும். குழி ‘வேண்டாம்’ என்று சொன்னால் நம்பலாம். அது ‘போகலாம்’ என்று சொல்லி நான் எங்கும் போவதில்லை.

குழியைவிட உரக்கப் பேசும் அடையாளங்கள் உண்டு: பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கும் ஓசை, சறுக்குப் பலகை நுனியிலிருந்து ஓடும் விரிசல். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் செங்குத்துச் சரிவை விட்டுவிடுங்கள். பெரும்பனி அல்லது பலத்த காற்றுக்குப் பிந்தைய ஓரிரு நாள்கள் மிக மோசமானவை. வானம் வெளுத்து, எல்லோருக்கும் ஆசை வரும் நாள்களும் அவைதான்.

சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உலக அளவில் வழங்கும் ஐந்து படி அளவுகோலில் மூன்றை ‘நடுத்தரம்தானே’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படியிலேயே ஆள் நடமாட்டம் பாளத்தை உடைக்க வாய்ப்பு அதிகம். குல்மார்க்கில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். நால்வருக்கும் இது முதல் முறை என்றால், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் எல்லையைத் தாண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அவரோடு போனாலும் 30 டிகிரிக்குக் குறைந்த சரிவு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.

பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் நால்வரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குள் வேகமாகச் சரிகிறது. மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரம் இராது. பீக்கன் கைக்கு வந்ததும் ஊரிலேயே பழகுங்கள். ஒன்றைப் பையில் போட்டு எஸ்டேட் பந்து மைதானத்துப் புல்லில் ஒருவர் ஒளித்து வைக்கட்டும். மற்ற மூவரும் ஆளுக்கொரு முறை, கையுறையைக் கழற்றாமல் தேடி எடுங்கள்.