ஓய்வுக்குப் பிறகு ஜெனரல்கள்: கேள்வி பதில்

ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். உயர் அதிகாரிகளின் பதவி உயர்வு, ஓய்வுக்குப் பிறகு அவர்களுக்குள்ள செல்வாக்கு பற்றி கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

சார், அதிகாரியாகச் சேர்ந்தால் எல்லோரும் ஜெனரல் ஆகிவிட முடியுமா? (கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்)

முடியாது தம்பி. லெப்டினன்ட் கர்னல் வரை பணிக்காலத்தைப் பார்த்தே பதவி வந்துவிடும். 13 ஆண்டுகள் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் செலக்‌ஷன் போர்டு, அதாவது தேர்வுக் குழு, உண்டு. மேலே போகப் போக இடம் குறைவு, அதனால் நல்ல அதிகாரிகள் பலர் வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். போர்டில் தேறாதவர் திறமை இல்லாதவர் என்று மட்டும் நினைத்துவிடாதே. ஓய்வு வயதும் பதவியைப் பொறுத்ததுதான்: தரைப்படையில் பொதுவாக கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. தலைமைத் தளபதிக்கு 62 வயது அல்லது பதவியில் 3 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. 54 வயதில் பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது வேலை தேடுவதைப் பேராசை என்று சொல்வது நியாயமில்லை.

புதுச்சேரி துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸில்கூட ஒரு ராணுவ அதிகாரி இருந்தாரே? (முத்தியால்பேட்டை)

ஆமாம், லெப்டினன்ட் ஜெனரல் அஜய் குமார் சிங். அந்தமான் துணைநிலை ஆளுநராக இருந்தவர், 2014 முதல் 2016 வரை புதுச்சேரியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார். அவருக்குப் பின் கிரண் பேடி வந்தார். அந்தமானில் 2017-இல் அட்மிரல் டி.கே. ஜோஷி நியமிக்கப்பட்டார். கடற்படைத் தளபதியாக இருந்தபோது, தொடர் விபத்துகளுக்குத் தார்மீகப் பொறுப்பேற்று 2014-இல் பதவி விலகியவர் அவர்.

ஐயா, இதெல்லாம் அலங்காரப் பதவிகள்தானே? நிஜமான செல்வாக்கு உண்டா? (ஆசிரியை, விருத்தாசலம்)

நல்ல கேள்வி அம்மா. எஸ்.கே. சின்ஹாவைப் பாருங்கள். 1983-இல் ராணுவத் துணைத் தளபதியாக இருந்தார். அடுத்த தளபதி அவர்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அரசு அவரைத் தாண்டி ஏ.எஸ். வைத்யாவை நியமித்தது, இவர் ஓய்வு கேட்டு வெளியேறினார். அதோடு கதை முடியவில்லை. பிறகு நேபாளத் தூதர், 1997-இல் அசாம் ஆளுநர். 1998-இல் சட்டவிரோதக் குடியேற்றம் பற்றி அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய அறிக்கையை, 2005-இல் சட்டவிரோதக் குடியேறிகளைக் கண்டறிய அசாமில் இருந்த தனிச் சட்டத்தை ரத்து செய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விரிவாக எடுத்தாண்டது. தளபதியாகியிருந்தால் இவ்வளவு தூரம் அவர் சொல் போயிருக்குமா என்பது சந்தேகம்தான். அப்புறம் ஜம்மு காஷ்மீர் ஆளுநரானார். 2008-இல் அவர் காலம் முடியும் தறுவாயில் அமர்நாத் கோயில் வாரியத்துக்கு வன நிலம் கொடுத்த விவகாரத்தில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கே கொந்தளித்தது. ஆளுநரின் சொல்லும் செயலும் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு இரண்டுமே சாட்சி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த நாற்காலி ராணுவம் கொடுத்தது அல்ல, ஆட்சியில் இருப்பவர்கள் கொடுத்தது.

ஆயுதக் கம்பெனிகளில் சேரலாமா? அரசியலில்? (நெய்வேலி)

ஓய்வுபெற்ற முதல் ஓராண்டில் தனியார் வேலைக்கு உயர் அதிகாரிகள் அரசின் அனுமதி பெற வேண்டும். கொள்முதல் கோப்புகளைப் பார்த்தவருக்கு ஓராண்டு போதாது என்பது என் உறுதியான கருத்து. அரசியலுக்கோ ஆளுநர் பதவிக்கோ அப்படி ஒரு இடைவெளியே கிடையாது. மேஜர் ஜெனரல் கந்தூரி 1991-இல் மக்களவைக்குப் போய், பின்னர் மத்திய நெடுஞ்சாலை அமைச்சராகி, உத்தராகண்ட் முதல்வரும் ஆனார், நன்றாக உழைத்தவர். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாளை பதவி தரப்போகிறவர் யார் என்ற நினைப்பு, சீருடையில் இருக்கும்போதே ஒரு தளபதிக்கு வந்துவிடக் கூடாது. அதற்காகவே இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியைச் சட்டமாக்க வேண்டும்.

பாகிஸ்தான் மாதிரி இங்கே ஏன் ராணுவ ஆட்சி வரவில்லை? (திருப்பாதிரிப்புலியூர்)

காரணங்கள் பல. ராணுவம் அரசுக்குக் கீழேதான் என்று ஆரம்பத்திலேயே எல்லை போட்டார்கள். ஆங்கிலேயத் தலைமைத் தளபதி குடியிருந்த டெல்லி மாளிகை நேருவின் வீடானது. அதுதான் தீன் மூர்த்தி பவன். 1955-இல் 'கமாண்டர் இன் சீஃப்' என்ற பட்டமும் போய்விட்டது.

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தா (சிப்பாய்). அதிகாரிகள் பேசினால் கேட்கிறார்கள், சாதாரண சிப்பாய் பேச்சு எடுபடுமா? (வில்லியனூர்)

தனியாகப் பேசினால் கஷ்டம்தான். சேர்ந்து பேசியபோது எடுபட்டது. 2015-இல், எந்த ஆண்டு ஓய்வுபெற்றிருந்தாலும் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் ஜெனரல்களும் ஜவான்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு அறிவித்தது, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டுக் கொடுத்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் தங்கள் பெயரைப் பயன்படுத்திய விதங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

தமிழ்த் தளபதிகள் ஓய்வுக்குப் பின் என்ன செய்தார்கள்? (பண்ருட்டி)

குமாரமங்கலம், சுந்தர்ஜி, பத்மநாபன் மூவரும் தரைப்படைத் தளபதிகளாக இருந்தவர்கள். செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி 1988-இல் ஓய்வுபெற்ற பின் அணு ஆயுதக் கொள்கை பற்றி விடாமல் எழுதினார். அரசுப் பதவி எதுவும் இல்லாமலே அவர் எழுத்து விவாதிக்கப்பட்டது. உங்கள் வீட்டில் ஓய்வுபெறப் போகும் அதிகாரி யாராவது இருந்தால், அவருக்குத் தெரிந்த துறையைப் பற்றி இப்போதே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.