சக ஊழியரைக் குறை சொன்னால் நம் பெயர் ஏன் கெடுகிறது?
ஒருவரைப் பற்றி நாம் சொல்லும் குணத்தை, கேட்பவர் தன்னையறியாமல் நம்மீதே ஏற்றிவிடுகிறார். உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துக் காட்டினர். "அவர் சோம்பேறி" என்ற சொல் காதில் விழும்போது கண்ணெதிரே இருப்பது நம் முகம். மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. சாயம் தோய்ப்பவர் கையிலும் சாயம் ஏறுவதுபோலத்தான். பாராட்டினால் அதுவும் ஒட்டும்!

ஆகவே குணத்தை விட்டு, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "பொறுப்பற்றவர்" என்பதற்குப் பதில், "திங்களன்று வரவேண்டிய அறிக்கை புதனன்று வந்தது." அதையும் முதலில் அவரிடமே. மூன்றாமவரைக் குறை சொல்லி வளரும் நட்பு வேகமாகவே வளரும். 'நாளை என்னைப் பற்றியும் பேசுவாரோ' என்ற சந்தேகமும் கூடவே வளரும்.

இல்லாதவரைப் பற்றிப் பேசுவதெல்லாம் புறம்பேசுதல் என்று பலர் நினைக்கிறார்கள். "இதை அவரிடம் கேளுங்கள், நன்றாகத் தெரிந்தவர்" என்பதும் அவர் இல்லாதபோது பேசுவதுதான், அது புறம்பேசுதல் ஆகாது.