டிபௌச்சினா வளர்ப்பு: மூணாறு முதல் சித்தூர் வரை

பிரேசிலின் தென்கிழக்கிலிருந்து வந்த, ஊதாப் பூக்கள் மலரும் இந்தப் பசுமை மாறாப் புதர்ச்செடியைக் குறித்து இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ் அன்பர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

மூணாறிலிருந்து: ஐயா, ஜனவரி உறைபனியில் செடி முழுவதும் கருகிவிட்டது. பிடுங்கிவிடலாமா?

அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். இச்செடி குளிர்ச்சியை விரும்பும், உறைபனியைத் தாங்காது. குளிர்ந்த காற்று இரவில் சரிவிறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், மேட்டிலுள்ள செடி தப்பும்போது தாழ்விலுள்ளது கருகுகிறது. ஆனால் மேல்தண்டு மடிந்தாலும் வேர் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அடித்தண்டை நகத்தால் சுரண்டும்போது பச்சை தெரிந்தால் நம்பிக்கையோடு காத்திருங்கள். கருகிய கிளைகள் கீழுள்ள மொட்டுகளுக்குக் காப்பாக இருப்பதால், பனிக்காலம் முழுதாகக் கழிந்த பிறகே அவற்றை வெட்ட வேண்டும். வரும் டிசம்பரில் அடிப்பகுதியைச் சருகால் அரையடி உயரத்துக்கு மூடி, மாலையில் சாக்கு போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.

சித்தூரிலிருந்து: இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக உள்ளது. என்ன உரம் இடலாம்?

உரக் குறைவன்று, மண்ணே காரணம். தங்கள் பகுதியின் கிழக்கிலுள்ள சுண்ணாம்பு கலந்த கரிசலில் இரும்புச்சத்து இருந்தாலும் இச்செடியின் வேரால் அதை எடுக்க இயலாது. இதற்குக் கார அமிலக் குறியீடு (pH) 5.5 முதல் 6.5 வரை உள்ள புளிப்பு மண் வேண்டும். தேயிலை விளையும் மலைகளில் இது தழைத்து நிற்பதற்கும் அதுவே காரணம். தரை மண்ணைத் திருத்த முயல்வதைவிட, பெரிய தொட்டியில் சுண்ணாம்பில்லாத செம்மண்ணும் இலைமட்கும் நிரப்பி, சேமித்த மழைநீரை ஊற்றுவதே நல்லது. அடுப்புச் சாம்பலையும் முட்டை ஓட்டையும் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். மதிய வெயில் படாத கிழக்குப் பக்கத்தில் வையுங்கள்.

குமுளியிலிருந்து: உச்சியில் மட்டும் பூக்கிறது.

புதுத்துளிரின் நுனியில்தான் பூ வரும். ஆகவே கிளைகளும் நுனிகளும் பெருக, இளஞ்செடியில் நுனி கிள்ளுங்கள்; வளர்ந்த செடியில் ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு கழியுங்கள்.

வண்டிப்பெரியாற்றிலிருந்து: கிளையை வெட்டி நடலாமா?

நடலாம். பாதி முற்றிய 10 சென்டிமீட்டர் தண்டு, ஈர மணலில், நிழலில், ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் வேர்விடும்.

தேவிகுளத்திலிருந்து: சோலைக்காட்டு ஓரத்தில் வேலியாக நடலாமா?

கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். ஹவாய்த் தீவுகளில் இது ஈரக் காடுகளுக்குள் புகுந்து, அழிக்க வேண்டிய களையாக அறிவிக்கப்பட்டுள்ளது. சோலை ஓரத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த, நம் மலைக்குரிய, மலையாளிகள் அதிராணி என்றழைக்கும் செடியை நடுங்கள். அதன் பூவும் ஊதாவே, பழம் பறவைகளுக்கு உணவாகும். வீட்டில் கழித்த டிபௌச்சினாக் கிளைகளையும் ஓடைக்கரையில் கொட்டாதீர்கள். ஈரத்தில் கிடக்கும் துண்டுகளே வேர்பிடித்துவிடும்.