கியூபெக் மூதாதையரைத் தேடுவோருக்கு: கேள்வி பதில்

என் கணவர் கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர். குடும்பப் பெயர் தெஜார்தேன். பழைய பதிவேடுகளில் அவர் முன்னோர்கள் 'ருவா' என்று வருகிறார்கள். யாராவது மாற்றி எழுதிவிட்டார்களா அக்கா?

இல்லை, இரண்டுமே அவர்கள் பெயர்தான். கியூபெக் பிரெஞ்சுக் குடியேற்றமாக, 'நியூ பிரான்ஸ்' ஆக இருந்த காலத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெயர் இருப்பது சர்வசாதாரணம். நாம் 'என்கிற' போடுவதுபோல் நடுவில் 'தி' போட்டு எழுதுவார்கள். கியூபெக்கில் கடன் சங்க இயக்கத்தைத் தொடங்கிய அல்போன்ஸ் தெஜார்தேன் 1854இல் லெவியில் பிறந்தவர். அவருடைய அப்பா 'ருவா தி தெஜார்தேன்', அம்மா 'மிவில் தி தெஷேன்'. இரு பக்கமும் இரட்டைப் பெயர்.

இதில் பெரும்பங்கு பட்டாளத்துடையது. 1665இல் பிரான்ஸிலிருந்து வந்த கரின்யான்-சாலியேர் படையில் ஏறக்குறைய 1,200 பேர். நானூறு பேர் அளவுக்கு இங்கேயே குடியேறினார்கள். சிப்பாய்களுக்குப் பட்டாளப் பெயர் உண்டு: லாஃப்லேர் என்றால் பூ, சான்சூசி என்றால் கவலையில்லாதவன். சிலருக்குச் சொந்த ஊர், சிலருக்கு நிலம், சிலருக்கு அப்பாவின் முதற்பெயர் இரண்டாம் பெயரானது. அப்புறம் அண்ணன் ஒரு பெயரையும் தம்பி இன்னொன்றையும் வைத்துக்கொண்டு பிரிந்துபோனார்கள்.

ஆகவே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், தம்பதியைப் பிடித்துக்கொண்டு போங்கள். திருமணப் பதிவில் பெரும்பாலும் இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணத்தைத் தேடினால் ஒரு தலைமுறை மேலே போய்விடலாம். மறுமணத்தில் மட்டும் 'இன்னாரின் விதவை' என்று எழுதிப் பெற்றோரை விட்டுவிடுவார்கள். அப்போது முதல் திருமணத்தைப் பாருங்கள்.

பெண்களைக் கணவர் பெயரில் தேடுவதா, அப்பா பெயரில் தேடுவதா?

பிறந்த வீட்டுப் பெயரில். ஏழு பிள்ளை பெற்று எழுபது வயதில் இறந்தாலும் பாதிரியார் அந்தப் பெயரில்தான் எழுதினார். இங்கிலாந்து வழிப் பதிவுகளில் தேடிப் பழகியவர்களுக்கு இது பெரிய வரம்.

ஒரே வீட்டில் பையன்கள் எல்லாம் ஜோசெஃப், பெண்கள் எல்லாம் மரி. தலை சுற்றுகிறது!

ஞானஸ்நானத்தில் ஆணுக்கு ஜோசெஃப், பெண்ணுக்கு மரி என்று முன்னால் சேர்ப்பது, குறிப்பாகப் பிற்காலத்தில், ஊர் வழக்கம். அடுத்து ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய் பெயர் வரலாம். வீட்டில் கூப்பிட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். 'ஜோசெஃப் லூயி அல்ஃபிரெத்' என்றால் திருமணப் பதிவில் வெறும் அல்ஃபிரெத்.

இன்னொரு சிக்கல்: குழந்தை இறந்தால் அடுத்து பிறந்த குழந்தைக்கும் அதே பெயர் வைப்பார்கள். பெயர் பொருந்துகிறதே என்று முதலில் கிடைத்த ஞானஸ்நானத்தைக் குடும்ப மரத்தில் ஒட்டிவிடாதீர்கள். அடக்கப் பதிவையும் பாருங்கள். இறந்துபோன குழந்தைக்குக் கல்யாணம் செய்துவைத்த குடும்ப மரங்கள் இணையத்தில் ஏராளம்.

எங்கள் ஊர்க் கோவில் எரிந்துவிட்டது என்கிறார்கள். எல்லாம் போயிற்றா?

பெரும்பாலும் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டு பிரதி எழுதினார்கள்: ஒன்று பங்குக்கோவிலில், மற்றது நீதிமன்றத்தில். கியூபெக் நகரப் பதிவேடு 1640 தீயில் எரிந்தது. அது பிரதி எடுக்கும் வழக்கத்துக்கு முந்தைய காலம் என்பதால் நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள். அதனால் அந்த ஆண்டுகளின் தேதிகளைச் சற்றுத் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டரி (ஒப்பந்தப் பத்திரங்களை எழுதிவைக்கும் அதிகாரி) ஆவணங்களையும் விடாதீர்கள். ஏழை விவசாயிகள்கூடக் கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதினார்கள். சீர்வரிசையாக வந்த மாடு, படுக்கை வரை அதில் இருக்கும். ஒப்பந்தம் இருந்தால் கல்யாணம் நடந்தது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். ரத்தானவையும் உண்டு.

எங்கள் பாட்டி வழியில் ஒருத்தி 'அரசரின் மகள்' என்று கண்டுபிடித்தோம். அரச வம்சமா?

ஆசைதான்! 1663 முதல் 1673 வரை பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி தன் செலவில் அனுப்பிய மணப்பெண்கள் அவர்கள், எழுநூற்றுச் சொச்சம் பேர். பலர் அப்பாவை இழந்தவர்கள். பழைய கியூபெக் குடும்பங்களில் இப்படி ஒருத்தி இல்லாத குடும்பத்தைக் காண்பதுதான் அரிது.

அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துக்குப் போன கிளை 1880க்குப் பிறகு காணாமல் போகிறது.

'ருவா' என்றால் பிரெஞ்சில் அரசர், அதனால் அதை விட்டு 'கிங்' என்று தேடிப் பாருங்கள். ஆலைவேலைக்குப் போனவர்கள் பெயரையும் மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: புவாவேர் 'கிரீன்வுட்', லெப்லான் 'வொய்ட்'. அங்குள்ள பிரெஞ்சுப் பங்குக்கோவில் பதிவேட்டில் பழைய பெயரே இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் மக்கள்தொகைக் கணக்குக்கு முன் அதைப் பாருங்கள்.