ரோஹிங்யா மக்களுக்கு நடந்த கொடுமையை மியான்மர் அரசே விசாரிச்சா போதாதா? ஏன் எல்லாரும் சுதந்திரமான சர்வதேச விசாரணை கேக்குறாங்க?

போதாதுங்க. மியான்மர் விசாரிக்கவே இல்லைன்னு யாரும் சொல்லல, திரும்பத் திரும்ப விசாரிச்சாங்க. அந்த விசாரணை ஒவ்வொண்ணும் எப்படி முடிஞ்சதுன்னு பாத்தீங்கன்னா உங்க கேள்விக்கு பதில் கிடைச்சுரும்.

2016 அக்டோபர்ல, ரோஹிங்யா முஸ்லிம்கள் அதிகமா வாழ்ந்த மியான்மரோட ரக்கைன் மாநிலத்து வடக்குப் பக்கம், போலீஸ் சாவடிங்க மேல ஒரு ரோஹிங்யா ஆயுதக் குழு தாக்குதல் நடத்துச்சு, அதைச் சாக்கா வச்சு ராணுவம் ஊர் ஊரா புகுந்துச்சு, வீட்டைக் கொளுத்துறாங்க, பொம்பளைங்களை நாசம் பண்றாங்கன்னு தப்பிச்சு பங்களாதேஷ் வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க. அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டுச்சு. தலைவர் மின்ட் ஸ்வே, அப்ப துணை ஜனாதிபதி, அதுக்கு முன்னாடி ராணுவத்துல லெப்டினன்ட் ஜெனரல். அந்தக் கமிஷன் ராணுவம் மேல சொன்ன குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லைன்னுட்டு போயிருச்சு. 2021ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்ப தற்காலிக ஜனாதிபதியா உக்காந்து, அதிகாரத்தைத் தூக்கி தளபதி மின் ஆங் ஹ்லைங் கையில கொடுத்ததும் இதே மின்ட் ஸ்வேதான். குற்றம் சாட்டப்பட்டவனோட ஆளே விசாரிச்சா வேற என்ன வரும்?

2017 ஆகஸ்ட் 25ல ராணுவம் மறுபடி ரோஹிங்யா ஊருங்க மேல பாய்ஞ்சதுக்கு அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும், சில மாசத்துல 7 லட்சம் பேருக்கு மேல எல்லை தாண்டி பங்களாதேஷோட காக்ஸ் பஜார் பக்கம் வந்து சேர்ந்தாங்க. அந்த நவம்பர்லயே ராணுவம் தன்னைத்தானே விசாரிச்சு, அப்பாவிங்க யாரையும் நாங்க சுடல, எந்தப் பொண்ணையும் தொடல, வீடுகளைக் கொளுத்துனதும் நாங்க இல்லைன்னு அறிக்கை விட்டுச்சு. அடுத்து 2018ல வெளிநாட்டு ஆளுங்களும் இருக்குற மாதிரி இன்னொரு கமிஷன் வந்துச்சு, அதோட தலைவியா வந்த பிலிப்பைன்ஸ் முன்னாள் தூதர் ஆரம்பத்துலயே நாங்க யாரையும் குத்தம் சொல்லப் போறதில்லைன்னு சொல்லிட்டாங்க. கடைசில 2020 ஜனவரில, போர்க்குற்றம் நடந்திருக்கலாம், ஆனா இனப்படுகொலை நோக்கம் இல்லைன்னு முடிச்சாங்க. மியான்மர் மேல போட்ட இனப்படுகொலை வழக்குல ஹேக்ல இருக்குற சர்வதேச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட மூணு நாள்தான் இருந்துச்சு அப்ப.

இதுல இன் டின் கிராமத்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம் அது. 2017 செப்டம்பர் முதல் வாரம், அந்த ஊர்ல பத்து ரோஹிங்யா ஆம்பளைங்களைப் பிடிச்சு வரிசையா மண்டி போட வச்சு போட்டோ எடுத்திருக்காங்க. அந்தப் பத்து பேர்ல மீன் பிடிக்கிறவங்க, கடை வச்சிருந்தவங்க, மதப் பாடம் சொல்லிக் கொடுக்குறவர், பள்ளிக்கூடம் படிக்கிற ரெண்டு பசங்க எல்லாம் இருந்தாங்க. அடுத்த போட்டோவுல அந்தப் பத்து பேரும் ஒரே குழில பொணமா கிடக்குறாங்க. அந்தப் போட்டோக்களை ரெண்டு ராய்ட்டர்ஸ் நிருபர்கள் கையில சேத்தது அதே ஊரு பௌத்தப் பெரியவர் ஒருத்தர், எதிர்காலத்துல இந்த மாதிரி இன்னொரு தடவை நடக்கக்கூடாதுன்னு. நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ ரெண்டு பேரையும் 2017 டிசம்பர்ல கைது பண்ணி 7 வருஷம் ஜெயில் போட்டாங்க. போலீஸே பொறி வச்சுதான் அவங்களைப் பிடிச்சதுன்னு கோர்ட்ல உண்மையைச் சொன்ன போலீஸ் அதிகாரியையும் உள்ள தள்ளுனாங்க. விஷயம் அம்பலமாகிட்டதால ராணுவம் வேற வழியில்லாம ஏழு சிப்பாய்களுக்கு 10 வருஷம்னு தண்டனை கொடுத்துச்சு, ஆனா அவங்க ஒரு வருஷம் கூட முழுசா உள்ள இல்ல. கொலையை வெளிய கொண்டு வந்தவங்களோ 500 நாளுக்கு மேல உள்ள கிடந்தாங்க. உள்நாட்டு விசாரணைல தண்டனைன்னு சொல்லிக்க இருந்த பெரிய கேஸே இதுதான், அதுவும் இந்த லட்சணம். இதுக்கு அப்புறமும் அவங்களே விசாரிக்கட்டும்னு எப்படிங்க சொல்ல முடியும்?

ஐநா மனித உரிமைக் கவுன்சில் 2017 மார்ச்லயே உண்மை கண்டறியும் குழு ஒண்ணு அமைச்சுச்சு. இந்தோனேசியாவோட மர்சுகி தாருஸ்மான் தலைவர், நம்ம இலங்கைத் தமிழ் வக்கீல் ராதிகா குமாரசாமி, ஆஸ்திரேலியாவோட கிறிஸ்டோபர் சிடோட்டி. ஆங் சான் சூச்சி அரசாங்கம் இவங்களுக்கு விசா தர மாட்டோம்னு சொல்லிருச்சு. அதனால இவங்க பங்களாதேஷ், மலேசியான்னு வெளிய இருந்தே 875 பேர்கிட்ட வாக்குமூலம் வாங்கி, சாட்டிலைட் படத்தோட ஒப்பிட்டுப் பாத்து 2018ல அறிக்கை கொடுத்தாங்க. 392 கிராமம் முழுசாவோ பாதியாவோ அழிஞ்சிருக்கு, செத்தவங்க 10,000 பேருங்கிறதே குறைச்ச கணக்குதான்னு அதுல இருக்கு, மேல்மட்ட ராணுவ அதிகாரிங்க ஆறு பேரைப் பேர் சொல்லி இனப்படுகொலைக்கு விசாரிக்கணும்னு எழுதிருக்காங்க. அப்படிப் பேரை எழுத உள்ளூர் கமிஷன் ஒண்ணுக்கும் துணிச்சல் வரல.

இன்னொரு காரணம் ஆதாரம். எரிச்ச ஊருங்களை அதோட விடல, புல்டோசர் விட்டு தரைமட்டமாக்கிட்டாங்க, மரம் கூட மிச்சம் வைக்காத இடமெல்லாம் சாட்டிலைட் படத்துல தெரியுது. பாத்த சாட்சிங்க காக்ஸ் பஜார், மலேசியான்னு சிதறிக் கிடக்காங்க, நம்ம சென்னை பக்கம் கேளம்பாக்கத்துலயே சில குடும்பங்க வருஷக்கணக்கா இருக்காங்க. அவங்களுக்கு வயசாகுது, சில பேர் செத்தும் போயிட்டாங்க. அதனாலதான் 2018ல ஐநா தனியா ஒரு அமைப்பு உண்டாக்கி, பின்னாடி எந்தக் கோர்ட் கேட்டாலும் கொடுக்குற மாதிரி ஆதாரத்தைச் சேத்து வைக்கச் சொல்லுச்சு. அந்த வேலை இப்ப வரைக்கும் நடக்குது.

ரோஹிங்யா ஆயுதக் குழு பண்ணதைப் பத்தி பேச மாட்டீங்களான்னு கமெண்ட்ல யாராவது கேப்பீங்க, கேக்க வேண்டிய கேள்விதான். 2017 ஆகஸ்ட் 25 அன்னைக்கு கா மவுங் செய்க் பக்கம் இந்துக் குடும்பங்களை ஆர்சாங்கிற அந்த ரோஹிங்யா ஆயுதக் குழு கொன்னுச்சு, 99 பேர் வரைக்கும் இருக்கலாம்னு ஆம்னஸ்டி மனித உரிமை அமைப்பு விசாரிச்சு சொன்னாங்க. 2024ல, ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடுற ரக்கைன் பௌத்தர்களோட ஆயுதக் குழுவான அரக்கான் ஆர்மி மேலயும் ரோஹிங்யாக்களைக் கொன்னதா குற்றச்சாட்டு இருக்கு. சுதந்திரமா விசாரிச்சா இதெல்லாமும் சேந்துதான் விசாரிக்கணும். செத்த இந்துக்களோட பேரை ராணுவம் தன் பிரச்சாரத்துக்கு மட்டும்தான் எடுத்துச்சு, அவங்களுக்கும் நியாயம் வேணும்ல.

இவ்வளவு நடந்தும் ஏன் இன்னும் கேக்குறாங்கன்னா, தனி ஆளுங்களை விசாரிக்கிற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துல மியான்மர் உறுப்பினர் இல்ல. பங்களாதேஷ் உறுப்பினர்ங்கிறதால, எல்லை தாண்டி விரட்டுனதையும் அதோட சேந்த குற்றங்களையும் மட்டும்தான் அந்தக் கோர்ட் எடுத்துச்சு, 2024 நவம்பர்ல அந்தக் கோர்ட் வழக்கறிஞர் மின் ஆங் ஹ்லைங்குக்கு வாரண்ட் கேட்டதும் அந்த அடிப்படைலதான். உள்ளயே செத்து விழுந்தவங்க கேஸை எடுக்கணும்னா பாதுகாப்பு கவுன்சில் அனுப்பணும், அங்க சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ வச்சுகிட்டு உக்காந்திருக்கு. முன்னாடி சொன்ன சர்வதேச நீதிமன்றத்துல வழக்குப் போட்டதே, துணிஞ்சு வந்த காம்பியா மாதிரி ஒரு சின்ன நாடுதான். 2017ல அந்த உண்மை கண்டறியும் குழுவை அமைக்கிற தீர்மானம் வந்தப்ப, இதுல எங்களுக்குச் சம்பந்தம் இல்லைன்னு ஒதுங்குன நாடுகள்ல நம்ம இந்தியாவும் ஒண்ணு, அதை என்னால இன்னைக்கும் ஏத்துக்க முடியல.