பஃபின் குஞ்சைப் படமெடுக்க முடியுமா?

கேள்வி: ஜூலை முதல் வாரம் வேல்ஸில் உள்ள ஸ்கோமர் தீவுக்குப் போகிறேன். கையில் 100-400 லென்ஸ் இருக்கிறது. பஃபின் என்ற கடற்பறவையையும் அதன் குஞ்சையும் சேர்த்து எடுக்க என்ன வழி?

குஞ்சை மறந்துவிடுங்கள். பஃபின் மண்ணில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டைதான் இடும். பொரித்த குஞ்சு ஆறு வாரம் போல உள்ளேயே வளர்ந்து, ஒரு ராத்திரி தனியாகக் கடலுக்குக் கிளம்பிவிடும். பகலில் வெளியே வந்தால் கடற்காகத்துக்கு இரை.

உங்களுக்குக் கிடைக்கக்கூடியது, அலகு நிறைய மீனோடு வளைக்குத் திரும்பும் தாயோ தகப்பனோ. அதற்கு ஜூலை தொடக்கம் நல்ல நேரம். மாதக் கடைசியில் தீவு காலியாகிவிடும். 'தி விக்' என்ற இடத்தில் நடைபாதையை ஒட்டியே வளைகள் உண்டு. பறவை காலடியில் நடக்கும், அங்கே 400 மி.மீ. தேவையே இல்லை.

லென்ஸைவிட நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மீனோடு வந்த பஃபினுக்கும் வளைக்கும் நடுவில் நின்றால் அது உள்ளே போகத் தயங்கும். கடற்காகங்கள் அதற்காகவே சுற்றிக்கொண்டிருக்கும், மீனைப் பிடுங்கிவிடும். குஞ்சுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போச்சு. பறவை பாதையைக் கடக்கப் பார்த்தால் பின்வாங்கி வழிவிடுங்கள். பாதையை விட்டு ஓரடிகூட இறங்காதீர்கள். வளை இடிந்தால் உள்ளே இருப்பது குஞ்சு.

பறக்கும்போது எடுக்க ஷட்டர் 1/2500 வேண்டும், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் பறவை அது. வெள்ளை மார்பு வெளிறாமலிருக்க எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். மேகமூட்டமான நாள் என்றால் சந்தோஷப்படுங்கள். உச்சி வெயிலில் கண் தெளிவாக விழாது.

சரி, வேறு பறவையாக இருந்தாலும் குஞ்சுதான் வேண்டும் என்றால்? இங்கிலாந்தின் வடகிழக்கில், ஃபார்ன் தீவுகளுக்கு ஜூன் பிற்பகுதியில் போங்கள். இன்னர் ஃபார்னில் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் பாதையோரத்திலேயே கூடு வைக்கும். தாயும் தகப்பனும் உங்கள் தலையில் ரத்தம் வரக் கொத்தும், கெட்டியான தொப்பி அவசியம். பாறை விளிம்பில் கிட்டிவேக் என்ற கடற்காக வகையின் குஞ்சுகள் அசையாமல் நிற்கும், நிதானமாக எடுக்கலாம். பறவைக்காய்ச்சலால் 2022-ல் நிறுத்திய இறங்கு அனுமதி 2024-ல்தான் இன்னர் ஃபார்னுக்குத் திரும்பக் கிடைத்தது. அதனால் டிக்கெட் எடுக்கும்போது, படகு தீவில் இறக்கிவிடுமா, சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பிவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கோமருக்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். வடக்குக் காற்று அடித்தால் அங்கே படகு அணைய முடியாது, அன்றைய பயணம் ரத்துதான்.